எதையும் விட்டுடாதே

"ஆத்துல எந்தச் சாமானையும் விட்டுடாதே, கண்ணா. கத்திரிக்கோல்லேர்ந்து சைக்கிள் வரைக்கும் எல்லாத்துக்கும் இன்னிக்குப் பொட்டு."

திருவிடந்தையில் சாயங்காலம், டெக்சாஸில் காலை. மகன் வீட்டு ஆயுத பூஜையை வீடியோ காலில் நடத்திக்கொண்டிருந்தார் பட்டாபிராமன். ஏழு வயதுப் பேத்தி மானசா சந்தனக் கிண்ணத்தோடு திரையிலிருந்து மறைந்தாள்.

அவள் போகட்டும் என்றுதான் கிழவர் காத்திருந்தார்.

"சிவராம், துப்பாக்கி வாங்கியிருக்கியாமே. உன் ஆத்துக்காரி அம்மாகிட்ட சொல்லி அழுதா."

"அழ என்னப்பா இருக்கு? பக்கத்துத் தெருவுல திருடன் புகுந்துட்டான். கடைக்குப் போனேன், ஒரு மணி நேரத்துல கையில கொடுத்துட்டான். இங்க அது உரிமை."

"உரிமையா?" பட்டாபிராமன் செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். "லைசென்ஸ் மனு எத்தனை பாத்திருக்கேன்! காட்டுப்பன்னி பயிரை அழிக்கறதுன்னு வந்தவனையே பத்துத் தடவை நடக்க விடுவோம். கொடுத்தாலும், எலக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சாகணும். நீ கத்திரிக்கா வாங்கற மாதிரி வாங்கிண்டு வந்திருக்கே."

"அதனாலதான் அங்க திருடன் வந்தா கூச்சல் மட்டும் போடறேள்."

"கூச்சல் பட்டு எந்தக் குழந்தையும் செத்ததில்லைடா."

சுண்டலோடு வந்த அவர் மனைவி சௌந்தரவல்லி அப்படியே நின்றாள். "நாளும் கிழமையுமா என்ன பேச்சு இது?"

"குண்டு போட்ட துப்பாக்கி, குழந்தை இருக்கற ஆத்துல. பேசாம என்ன பண்றது?" அவர் குரலில் கோபமில்லை, பயம்.

சிவராம் சிரித்தான். "இரும்புப் பெட்டிப்பா. நம்பர் பூட்டு. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆத்துல அப்படி ஒண்ணு இருக்கறதே மானசாவுக்குத் தெரியாது."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், உலகம் தெரியாமல் நாம்தான் கத்துகிறோமோ என்று கிழவருக்கே தோன்றிவிட்டது. "சரி, ஜாக்கிரதை" என்றார்.

மானசா திரும்பி வந்தாள். விரலெல்லாம் சந்தனம்.

"ஆச்சா கண்ணா?"

"ஆச்சு தாத்தா. எதையும் விடலை. மிக்ஸி, சைக்கிள், அம்மாவோட தையல் மிஷின், அப்பாவோட கன்."

சிவராமின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கன்னுக்கு மட்டும் ரெண்டு பொட்டு. நுனில ஒண்ணு. விரல் வெக்கற வளையத்துக்குள்ள ஒண்ணு. உள்ள வெக்கறதுதான் கஷ்டமா இருந்தது."



"பெட்டி பூட்டியிருந்ததே…" என்றான் சிவராம்.

"நம்பர் என் பர்த்டேதானேப்பா. உன் போனுக்கும் அதுதானே."