சத்தத்தைக் குறைத்தது யார்?

"பேய் வேண்டாம் அண்ணா. பேய்க்கு நம்ம மேல கோபமாவது இருக்கும். மனுஷன்னு ஒருத்தன் இருக்கறதையே கண்டுக்காத, வானத்தளவு பெருசா ஏதாவது வர்ற கேம் இருக்கா?" வழக்கம்போல வங்காள மொழியில் கேட்டான் வெங்கடநாராயணன்.

வாராவாரம் இல்லையென்றே சொல்லும் சாந்தினி மார்க்கெட் சிடி கடைக்காரர் இந்தச் சனிக்கிழமை அப்படிச் சொல்லவில்லை. அட்டையில் படமே இல்லாத ஒரு சிடியை நீட்டினார்.

பெஹாலாவில் இருந்த தன் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் போட்டான். கொஞ்ச நேரம் ஆளில்லாத கடற்கரை தெரிந்தது. பிறகு திரை முழுக்க இருட்டானது. அந்த இருட்டுக்குள் ஏதோ ஒன்று நீளமாக மூச்சு விட்டது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் அவனுக்கு வியர்த்தது. இத்தனை வருஷமாகத் தேடியது கிடைத்தேவிட்டது.

"ஏன்னா, அந்த மூச்சுச் சத்தம் கிச்சன் வரைக்கும் கேக்கறது. கொஞ்சம் கொறைச்சு வைங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் மனைவி ராஜலக்ஷ்மி.

ஸ்பீக்கர் குமிழைத் திருகினான். மூச்சு தணிந்தது.

காபியோடு வந்தவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். "வெறும் திரையை என்ன அப்படிப் பாத்துண்டிருக்கேள்?"

"கேம் ராஜி. இருட்டாத்தான் இருக்கும்."

"என்ன கேம்? நீங்க உக்காந்த கொஞ்ச நேரத்துலயே லோட்ஷெடிங் ஆயிடுத்து. ஃபேனும் லைட்டும்தான் இன்வெர்ட்டர்ல ஓடறது. கம்ப்யூட்டருக்கு ஏது கனெக்‌ஷன்?"

கம்ப்யூட்டரிலும் ஸ்பீக்கரிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. மூச்சு மட்டும் இன்னும் மெல்லக் கேட்டது.

மனுஷனைக் கண்டுகொள்ளாத ஒன்றைத்தான் அவன் தேடினான். இதுவோ, அவன் குமிழைத் திருகியதைப் பார்த்துத் தன் மூச்சைக் குறைத்துக்கொண்டிருந்தது.