விரல் கற்கும் பாடம்

"ஆராய்ச்சியா இது? குப்பை!" ரசாயன ஆசிரியர் தணிகாசலம் அந்த வெளிநாட்டு ஆய்விதழைத் தலைமையாசிரியரின் மேசைமேல் ஓங்கி அடித்தார்.

மாணவர்கள் சோதனையைத் தாங்களே செய்தாலும், ஆசிரியர் செய்வதைப் பார்த்தாலும் ஒரே மார்க்குதான் வாங்குகிறார்கள் என்றது கட்டுரை. அதை நம்பித் தலைமையாசிரியர் வைத்திலிங்கம் சோதனைச்சாலையை வகுப்பறையாக மாற்றத் துணிந்துவிட்டார்.

"தப்பு எங்கன்னு சொல்லுங்க, முசியே" என்று பழைய பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார் தலைமையாசிரியர்.

"பரீட்சையில! எழுத்துக் கேள்வி மட்டும் கேட்டிருக்கான். உப்பளம் கடலோரப் பையனுக்கு நீச்சல் தெரியுமான்னு காகிதத்துல எழுதச் சொல்லியா பாப்பாங்க? ஆசிட்ல சோடாக் காரத்தைச் சொட்டுச் சொட்டா விடுறோம். ஒரு சொட்டு கூடினா நிறமே மாறிடும். சரியான சொட்டுல நிறுத்த விரல்தான் கத்துக்கணும், கண்ணு இல்ல!"

தலைமையாசிரியர் ஆய்விதழை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "சரி, சோதனைச்சாலை அப்படியே இருக்கட்டும்."

கோபம் ஆறாமலே வெளியே வந்த தணிகாசலத்தைப் புதிய ஆசிரியை சந்திரகலா மறித்தார்.

"நல்லா கேட்டீங்க, சார்! சாவியைக் குடுங்க. பசங்க சோதனை செய்யக் காத்துக்கிட்டு இருக்காங்க."

தணிகாசலத்தின் கை இடுப்புச் சாவிக்கொத்தை இறுகப் பற்றியது.

"பசங்க கையிலயா? இத்தனை வருஷத்துல ஒரு குடுவை உடைஞ்சிருக்குமாம்மா? எப்பவும்போல நானே செய்யறேன். அவங்க ஜன்னல் வழியா பாக்கட்டும்!"