அழுறதை நிறுத்துங்க

"அழுறதை நிறுத்துங்க. நாய் சத்தம் போடுதா, இல்லையா?"

நாய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், வணக்கம்கூடச் சொல்லாமல் இப்படி ஒரு குரல். தையல் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், என் தையல் கடையில நூல் தீர்ந்த பிளாஸ்டிக் கண்டு ஒண்ணு கீழே கிடந்தது. பொத்தான் அதைக் கடிச்சு, தொண்டையில மாட்டிக்கிச்சு..."

"பொத்தானா, கண்டா? எதும்மா மாட்டுச்சு?"

"பொத்தான் நாயோட பேரு மேடம்!"

"பேரை நான் கேட்கலை. சத்தம் வருதான்னு கேட்டேன்."

வந்தது. தையல் மிஷினுக்கு அடியில் பொத்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியபடி, ஹக் ஹக்கென்று இருமிக்கொண்டிருந்தது.

"பயங்கரமா இருமுது மேடம்!"

"இருமட்டும், விடுங்க."

"என்னது?"

"இருமினா மூச்சு போய் வருதுன்னு அர்த்தம். அதுவே துப்பப் பார்க்கும். நீங்க வாயில கையை விட்டு உள்ள தள்ளிடாதீங்க."

உயிர் போகிற நேரத்தில் விடுங்க என்கிறாளே, இவளெல்லாம் மனுஷிதானா? அக்காவுக்கு விம்மல் இன்னும் கூடிப்போனது. அவள் கணவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"தண்ணி ஊத்தினா இறங்கிடும்!"

"யாரு அது தண்ணிங்கறது? அந்த மேதையைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேதை தள்ளி நின்றார்.

சட்டென்று இருமல் நின்றது.

"அப்பாடா, சரியாயிடுச்சு" என்றார் அவர்.

"சத்தம் நின்னுடுச்சா?" போனில் குரல் உயர்ந்தது. "சரியாகலை, இப்பதான் மூச்சே அடைச்சிருக்கு. வாயைத் திறந்து பாருங்க. ஈறு என்ன நிறம்? கண்டு தெரியுதா?"

"ஈறு நீலமா இருக்கு. கண்டு தெரியலை. ஐயோ, என் தங்கமே!"

"தெரியாததை விரல் விட்டுத் தேடாதீங்க. அதோட முதுகு உங்க வயித்துல படற மாதிரி தூக்கிப் பிடிங்க. விலா எலும்பு முடியற இடத்துக்குக் கீழே கையைக் கோத்து, உள்ளேயும் மேலேயுமா வெடுக்குனு அமுக்குங்க."

"பயமா இருக்கு மேடம். கை நடுங்குது."

"ஊசியில நூல் கோக்கற கைதானே? இல்லை, அடுத்தவங்க துணியைக் கெடுக்கற கையா?"

"என்ன சொன்னீங்க?"

"வளர்க்கத் துப்பில்லாதவங்க எதுக்கும்மா நாய் வளர்க்கறீங்க?"

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எத்தனையோ அவசரத் துணிகள் தைத்திருக்கிறாள். ஒரு வாடிக்கையாளர்கூட அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணைத் துடைத்தாள். பல்லைக் கடித்தாள். பொத்தானைத் தூக்கி வயிற்றோடு அணைத்து, 'இப்பப் பாருடி' என்பது போல் ஓர் அமுக்கு அமுக்கினாள். அப்புறம் இன்னொன்று. மறுபடியும்.

டொக்!

கண்டு தரையில் விழுந்து கணவரின் காலடி வரை உருண்டது. பொத்தான் பெரிதாக ஒரு மூச்சை இழுத்தது, இருமியது, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் அக்காவின் முகத்தை நக்கியது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" பாட்டில் தண்ணீரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு கணவர் குதித்தார்.

"சரி. தொண்டையில காயம் இருக்கான்னு பார்க்கணும், கூட்டிட்டு வாங்க." போன் வைக்கப்பட்டுவிட்டது.

"வர்றேன்டி, வந்து வெச்சுக்கறேன்" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் டாக்டர், பொத்தானின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காயம் எதுவும் இல்லை. பிரமாதமா எடுத்திருக்கீங்கம்மா. பாதிப் பேரு பயத்துல அப்படியே நின்னுடுவாங்க."

அக்கா பொத்தானை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் டாக்டர். போன்ல பேசினாங்களே, அவங்க மேல புகார் குடுக்கணும். மரியாதைன்னா என்ன விலைன்னு கேட்பாங்க போல!"

டாக்டர் பின்மண்டையைச் சொறிந்தார்.

"அவங்களும் இங்கே டாக்டர்தான். என் மனைவி."

அக்காவின் கணவர் டாக்டரை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்லயும் இப்படித்தானா சார்?"

"சேச்சே, வீட்ல அதிர்ந்து பேச மாட்டாங்க. இந்தப் போனை எடுத்தா மட்டும்தான் இப்படி."

"அப்போ எங்களை மட்டும் எதுக்கு அந்த வாங்கு வாங்கணும்?" என்றாள் அக்கா.

"கை நடுங்குதுன்னு போன்ல சொன்னீங்களாமே. அவங்க திட்டினதுக்கு அப்புறம் நடுங்குச்சா?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். அது ஆடாமல் பொத்தானின் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

டாக்டர் சிரித்தார்.

"புகாரைத் தாராளமா குடுங்கம்மா. அவங்க மேல புகார் சொல்ல வர்றவங்க எல்லாரும், வாலாட்டற நாயை இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க."