சத்தம் போடும் கருவி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கரகண்டா நகரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தைக் காட்டுகிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வுபெற்று, இப்போது தனியாக வாழும் ஷோல்பான், புதிதாக வாங்கிய நானூறு லிட்டர் மீன்தொட்டியின் முன்னால் நிற்கிறாள். உப்புக் கரைத்த தண்ணீர் நீல விளக்கில் மின்னுகிறது. பழைய சின்னத் தொட்டியிலிருந்து ஒற்றைக் கோமாளி மீன் எட்டிப் பார்க்கிறது. அழுக்கை நுரையாக்கித் தள்ளும் கருவிகள் இரண்டைக் கடைக்காரன் யெர்ஜான் கொண்டுவந்திருக்கிறான்.

“இது பழைய மாடல்க்கா, கழுதையாட்டம் கத்தும். இது புதுசு, ஓடுதான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஊரே இதைத்தான் கேக்குது.”

“ரெண்டையும் ஓட்டிக் காட்டு.” அவள் கிண்ணத்தில் இரண்டு மடக்குப் பால்தேநீர் மட்டும் ஊற்றி நீட்டுகிறாள். இது நான்காவது முறை.

“தாராளமா ஊத்துங்கக்கா. இப்படி ஊத்தினா நான் எப்பக் கிளம்புறது?”

“நிறைய ஊத்தினா எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். உன்னை அப்படிச் சொல்வேனா?”

அவன் சிரித்துக்கொண்டே புதியதை ஓட்டுகிறான். கூடத்தில் கடிகார முள் நகர்வது மட்டும் கேட்கிறது. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். அடுத்துப் பழையது. கடகடவென்று உறுமுகிறது, குமிழி பொங்குகிறது, அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது.

“இதையே மாட்டு.”

“ராத்திரி தூங்க முடியாதேக்கா!”

“இப்ப மட்டும் தூங்குறேனாக்கும்? மாட்டுப்பா.” முதல்முறையாக அவள் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புகிறாள்.

உங்கள் வீட்டில் மனிதர் பேசும் சத்தம் என்றைக்கும் ஓயாதிருக்கட்டும், கண்ணுகளா.