8.12-க்குப் படிக்கப்பட்டது

லூபென் படித்துவிட்டார். திங்கட்கிழமை காலை 8.12 என்று நேரம் போட்டு, மெயில் படிக்கப்பட்டதாக அவர் பெயரிலேயே ரசீது வந்து நின்றது. ஆபீசுக்குள் கால் வைக்கும் முன்பே மனிதர் படித்திருக்கிறாரே என்று நெவேனாவுக்குக் காது வரை சிவந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ரூசே நகரத்தில், டான்யூப் ஆற்றில் படகுகளில் சரக்கு அனுப்பும் கம்பெனி அது. மனைவி பிரிந்துபோய்த் தனியாக இருக்கும் லூபெனும் அவளும் ஒன்பது வருடமாக எதிரெதிர் மேசை. வாய் திறந்து கேட்கத் தைரியம் வராததால்தான் மெயில்.

விஷயம் பெரிதொன்றும் இல்லை. வருவது குருத்தோலை ஞாயிறு. பூவின் பெயர் வைத்த அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் பெயர்த் திருநாள்; நெவேனா என்பதும் ஒரு பூவின் பெயரிலிருந்து வந்ததுதான். அதற்கு யாரையும் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஞாபகம் வைத்திருப்பவர்கள் தாமாக வந்து கதவைத் தட்ட வேண்டும்.

கணவர் இருந்தவரை அன்று வீடு கொள்ளாத கூட்டம். அவர் போனபின் மூன்று வருடமாக மேசையில் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அது அவருக்காக வந்த கூட்டம் என்று புரியவே அவளுக்கு அத்தனை நாள் ஆயிற்று.

இந்த முறை வழக்கத்தை மீறினாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், எனக்கு யாரும் வருவதில்லை, நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன் என்று ஐந்து வரி எழுதி அனுப்பினாள். அந்த ஐந்து வரியை அனுப்பும் முன்பும் அனுப்பிய பின்பும் எத்தனை தடவை படித்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

லூபென் காலையில் படகுத்துறையைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் மேசைக்கு வருவார். அதுவரை, எட்டு மணிக்கே வந்துவிடும் அவள்தான் அவருடைய மெயில் பெட்டியையும் தன் பெட்டியோடு ஒரே திரையில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். அவள் திறந்ததெல்லாம் அவள் பாடு. திறக்காமல் தடித்த எழுத்தில் நிற்பவை மட்டும் அவர் பாடு. இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அன்று பத்து மணிக்கு வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார். செவ்வாய்க்கிழமை அவள் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன நெவேனா, மேலதிகாரி யாராவது சோதனைக்கு வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். வெள்ளி வரை மெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை. பெயர்த் திருநாளுக்கு வருகிறேன் என்று யார்தான் முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சந்தையில் மீன்காரி எத்தனை பேருக்கு என்று கேட்டாள். ரெண்டு பேருக்கு என்றாள் நெவேனா. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஞாயிறன்று கெண்டை மீனைச் சுட்டு, இரண்டு தட்டு வைத்தாள். அவள் மாடியில் லிஃப்ட் நின்ற ஒவ்வொரு தடவையும் எழுந்து முடியைச் சரிசெய்துகொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுக்கே போனார்கள். ஐந்து மணிக்கு மீனை மூடி ஃபிரிட்ஜில் வைத்தபோது அவமானமாக இருந்தது. அதைச் சொல்லி அழக்கூட ஒரு ஆள் இல்லை என்பது அதைவிட வலித்தது.

மறுநாள் லூபென் அவள் மேசையருகே வந்து தயங்கி நின்றார்.

"நேத்து உங்க திருநாளாச்சே. வரலாம்னு கோட்டுகூட மாட்டிட்டேன். சொந்தபந்தம் நிறைஞ்ச வீட்ல நாம எதுக்குக் குறுக்கேன்னு தோணிச்சு, கழட்டிட்டேன்."

யாரும் வருவதில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு இப்படியும் நடிக்க முடியுமா? நெவேனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க வராததே நல்லது," என்றாள். "இனிமேலும் அப்படி ஒரு நினைப்பு உங்களுக்கு வேண்டாம்."

அவர் முகம் செத்துப்போயிற்று. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கே திரும்பிப் போனார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவள் கம்ப்யூட்டர் பார்க்கும் ஈவோவை வரவழைத்தாள். லூபெனுடைய பெட்டி இனி தன் கண்ணிலேயே படக் கூடாது, இப்போதே எடுத்துவிடு என்றாள். நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது என்று அவன் காரணம் கேட்டான். பதிலுக்கு அந்த ரசீதைத் திறந்து காட்டினாள்.

"இதைப் படிச்சிட்டு, படிக்காத மாதிரியே ஒரு மனுஷன் ஒரு வாரம் எதிர்ல உட்காந்திருப்பானா, ஈவோ?"

ஈவோ ரசீதைப் பார்த்தான். பிறகு அந்தப் பெட்டியை யார் யார் எப்போது தொட்டார்கள் என்ற பதிவைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தான். திங்கள் 8.12 என்றிருந்த வரியில் விரல் நின்றது. இரண்டு பேர் பார்க்கிற பெட்டியில் யார் திறந்தாலும் ரசீது பெட்டிக்காரர் பெயரில்தான் போகும் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்போ யார் படிச்சது?"

"நீங்கதான்க்கா."