நாற்பது வரிக்கு ஒரு கையெழுத்து

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டீங்கன்னா நான் பஸ் ஏறிடுவேன்."

"எதுக்குன்னே சொல்லாம கையெழுத்துன்னா? நான் இன்னா அவ்ளோ ஏமாளியா?" என்றாள் பொன்னி. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மணிமாறன் கடை ஸ்டூலில் உட்கார்ந்தான். விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, கிடங்கலில் தெருத்தெருவாக விசாரித்து இந்தக் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. நேற்று இதே பேருள்ள வேறு யாரோ ஒரு பொன்னியின் வீட்டில் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன பிழைப்புடா இது என்றிருந்தது அவனுக்கு.

"விழுப்புரத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனிங்க. ஸ்கூல் பசங்களுக்கு ஒரு தமிழ் அகராதி புரோகிராம், வருஷக்கணக்கா யார் யாரோ எழுதிச் சேத்தது. அத்த எந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்லயும் ஒரு தட்டு தட்டினா ஏறிக்கற மாதிரி பேக்கேஜா கட்டறதுதான் என் வேலை."

"கட்டிக்கினு போவ வேண்டியதுதான?"

"நாலு மாசமா கட்டிக்கினுதான் இருக்கேன். உள்ள இருக்கற ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் எழுதினவங்க பேரு இருக்கும். அத்தினி பேரும் சம்மதம் எழுதிக் குடுத்தாத்தான் ஸ்கூலுங்களுக்கு அனுப்பற சி.டி.ல சேத்துப்பாங்க. பதினோரு பேரைப் புடிச்சிட்டேன். ஒருத்தரு துபாய்ல, ஒருத்தரு காவி கட்டிக்கினு மயிலத்துல. பாக்கி நீங்க ஒருத்தர்தான்."

பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். சொற்களை அகர வரிசையில் அடுக்குகிற நாற்பது வரி நிரல். தலையில் ‘1996, கி. பொன்னி, கிடங்கல், திண்டிவனம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

பொன்னி மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"பேரு என்னுதுதான். ஆனா இத்த நான் எழுதலியே!"

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கக்கா."

"இதுல ஞாபகம் இன்னா? தொண்ணூத்தாறுல பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு மூணு மாசம் போனேன். டைப்பிங்கோட சரி. புரோகிராம் சொல்லிக் குடுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க. கூடப் படிச்சவன் எவனோ எம்பேரைப் போட்டு வச்சிருக்கான்."

மணிமாறனுக்கு அழுகை வராத குறை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் பள்ளிகளுக்குப் போகும் சி.டி.யில் அகராதி இருக்காது. அடுத்த சி.டி. இரண்டு வருடம் கழித்துத்தான். நாற்பது வரிதானே சார், தூக்கிவிட்டு நானே புதிதாக எழுதிவிடுகிறேன் என்று முதலாளி சக்கரபாணியிடம் முன்பே தலைபாடாக அடித்துக்கொண்டான். மனிதர் கேட்டால்தானே! "அடுத்தவங்க உழைப்பைத் தூக்கிக் கடாசறது மரியாதை இல்ல மாறா. நேர்ல போய்ப் பாரு" என்று ஒற்றைக் காலில் நின்றார். இப்போது புதிதாக எழுதிச் சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை.

"அக்கா, பேரு உங்களுதுதான? சும்மா போட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமில்ல?"

மணிமாறன் தலையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"இது எங்கெல்லாம் போவும் தம்பி?"

"தமிழ்நாடு பூரா. ஆயிரம் ரெண்டாயிரம் ஸ்கூலுக்காவது போவும்."

"எம்பேரோடயா?"

"உங்க பேரோடதான்."

பொன்னி வெளியே கையைக் காட்டினாள். "போர்டைப் பாத்தியா? பெரியதம்பி ஜெராக்ஸ். பத்து வருசமா நின்னு கால் வீங்கறது எனக்கு, பேரு வூட்டுக்காரருக்கு. எம்பேரைப் பெருமையா ஒருத்தன் எழுதினது இது ஒண்ணுலதான். அதுவும் நான் செய்யாத வேலை." சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. "ஆசையாத்தான் இருக்கு. ஆனா அடுத்தவன் உழைப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தப்பா எடுத்துக்காத. எழுதினவனையே புடி."

தாளை உடனே திருப்பித் தரவில்லை. தனக்கென்று ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே மணிமாறன் சக்கரபாணிக்குப் போன் போட்டான்.

"சார், நாலு மாச உழைப்பும் போச்சு. அந்தம்மாவைக் கண்டுபுடிச்சிட்டேன். ஆனா அவங்க எழுதலியாம். எவனோ ஒரு கேனை அவங்க பேரைப் போட்டுட்டுப் போயிட்டான்."

மணிமாறன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்களா?"

"அடுத்தவன் உழைப்புன்னுட்டாங்க. எழுதினவனையே புடிக்கணுமாம். பேஜாரு சார். பதிமூணு வருஷம் கழிச்சு அவனை நான் எங்கன்னு போய்த் தேடறது?"

பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

"தேட வேணாம் மாறா. அந்தக் கேனை நான்தான். கையெழுத்துப் போட்டு அஞ்சு மணிக்குள்ள நானே அனுப்பிடறேன்" என்றவர், போனை வைக்காமல் மெதுவாகக் கேட்டார்: "பொன்னி... நல்லாருக்குதா?"