கரடிக்குத் தொண்டை கட்டிவிட்டது

"கரடி இனிமே பாடாதாக்கா?"

பொம்மைக்காரரின் மகள் கேட்டபோது எடிட்டரால் தலைநிமிர முடியவில்லை. பழைய பொம்மை நிகழ்ச்சி ஒன்றை எடிட்டரின் கம்பெனி டிஸ்க்காகக் கொண்டுவருகிறது. காட்சிகளின் உரிமை கிடைத்துவிட்டது. பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த கேசட் கம்பெனியோ கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. கையில் மாட்டி ஆட்டும் அந்தக் கரடி பேசாது, பாட மட்டும் செய்யும். அதற்காகப் பாடிய பொம்மைக்காரர் இறந்து வருஷமாகிறது.

"அப்பா குரல் வேற எதுலயும் இல்லக்கா."

"கேஸ் போட்டுடுவாங்கம்மா. கரடிக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு நெனச்சுக்கோ. வாய் மட்டும் அசையட்டும்."

பாட்டு வரும் இடத்தில் எடிட்டர் ஒலியை அழித்தாள். சரிபார்க்க இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். கரடி வந்து நின்றது. வாய் அசையவில்லை. பாட்டு முடியும் நேரம்வரை மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி நடந்தது. இடுப்புக்குக் கீழே அதற்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் பக்கத்தில் இருந்த முயல் பொம்மை ஒதுங்கி வழிவிட்டது. ஒலி அழித்த இடத்தில் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா செருப்புக்கா," என்றாள் மகள்.

திரையில் முயல் மட்டும் நின்றது. சத்தம் அவர்களுடைய நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து, சற்று நின்று, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கதவைத் தாண்டிப் போனது.